“32,000 ரூபாய் கட்டினால் அக்கா பையனை விட்டுவிடுவார்களா?”

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய அக்கா கணவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். ஆஸ்பத்திரிச் செலவு, காரியச் செலவு என்று வாங்கிய கைமாற்று கழுத்தை நெரிக்கவே, ஊரில் தெரிந்த தரகர் ஒருவர் மூலமாக, ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஒரு கீதாரியிடம் 25,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு மூத்த பையனை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார் அக்கா. அப்போது அவனுக்குப் பத்தரை வயது, ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். “ஒரு வருஷம் மேய்ச்சா கடன் கழிஞ்சிரும்” என்றுதான் பேச்சு. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. நடுவில் ஒரே ஒரு பொங்கலுக்கு மட்டும் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பினார்களாம்.

போன மாதம் இவர் தேடிக்கொண்டு போயிருக்கிறார். டெல்டாவில் அறுவடை முடிந்த ஒரு வயலில் கிடை போட்டிருக்கிறார்கள், அதாவது வயலுக்கு உரமாக மந்தையை வலைக்குள் அடைத்திருக்கிறார்கள். பையன் வலைக்கு வெளியே உரச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான். உள்ளங்காலில் கருவேல முள் ஏறி, பிளேடால் கீறி எடுத்த புண், மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்பியிருந்தது. மாமன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் கேட்டானாம்: “மாமா, இன்னும் எத்தனை குட்டி சாகாம இருந்தா என் கணக்கு முடியும்?”

ஏனென்றால் செத்த குட்டிகளையெல்லாம் அவன் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். மூன்று குட்டி நோயில் போனது, ஒன்றை நாய் கடித்தது, அப்புறம் சாப்பாடு, துணி, எல்லாம் சேர்த்து இன்னும் 40,000 பாக்கி என்று கீதாரி சொல்ல, இவர் அங்கேயே நின்று ஜிபேயில் 8,000 அனுப்பிவிட்டு வந்திருக்கிறார். மிச்சம் 32,000. அக்கா 20 ரூபாய்ப் பத்திரத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார் என்பதால் பயம். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடட்டுமா, ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா, போலீசுக்குப் போனால் அக்காவைப் பிடித்து உள்ளே போடுவார்களா, பையனைப் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்ப்பார்களா என்பவைதான் இவருடைய கேள்விகள். “அங்கே மூணு வேளை சாப்பிடுறான், அடிக்கிறதில்லை, தொழிலும் கத்துக்கிறான்” என்று அக்கா சொல்வதாகவும் எழுதியிருக்கிறார்.

தம்பி, முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்த 32,000-ஐ எப்படிப் புரட்டுவது என்பதுதான் இருக்கிறது. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அந்தக் கடனே இல்லை. முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஓர் ஆளின் உழைப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதற்குப் பெயர் கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடன் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டது, அதற்காக எழுதி வாங்கிய பத்திரம் எந்த முத்திரைத்தாளில் இருந்தாலும் செல்லாது. இன்னொன்றும் கேளுங்கள். இப்படி ரத்தான கடனுக்குப் பணம் வாங்குவதே அந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் தனிக் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. நீங்கள் ஏமாந்துவிட்டதாக வருத்தப்படுகிற அந்த 8,000 இருக்கிறதே, அதன் ஜிபே ஸ்கிரீன்ஷாட்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம். அழித்துவிடாதீர்கள். அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

“கட்டிவிட்டால் தொல்லை விட்டது” என்று உங்களுக்குத் தோன்றுவது எனக்குப் புரியாமல் இல்லை. பையன் அங்கே புண்ணோடு உட்கார்ந்திருக்க, சட்டம் பேசிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை வரும்? ஆனால் நீங்கள் 32,000 கொண்டுபோனால் இன்னொரு குட்டி செத்த கணக்கு வராது என்று என்ன நிச்சயம்? அதோடு, நீங்கள் கட்டும் பணம் வேறொரு வீட்டுக்கு முன்பணமாகப் போகும். தரகர் ஏற்கெனவே அடுத்த பையனைப் பார்த்து வைத்திருப்பார். அப்புறம், மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டினால் அந்தக் கடன் உங்கள் தலையில் ஏறும், அதை அடைக்க உங்கள் வீட்டில் யார் படிப்பு நிற்கும் என்பதையும் யோசியுங்கள்.

நீங்களும் அக்காவும் தவறாக நினைத்திருக்கும் சில விஷயங்கள்

“இது விவசாய வேலை, பேக்டரி இல்லையே, சட்டம் வருமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், பட்டியல் போட்டுச் சில தொழில்களில் மட்டும்தான் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றது. தீப்பெட்டி, பட்டாசு, பீடி, கம்பளம் என்று அந்தப் பட்டியல் போகும். ரெய்டு, விழிப்புணர்வு ஊர்வலம் எல்லாம் சிவகாசிப் பக்கமே நடந்ததால், குழந்தைத் தொழில் என்றாலே தொழிற்சாலை என்று நம் மனசில் பதிந்துவிட்டது. 2016-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 14 வயது முடியாத குழந்தையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. வயலாக இருந்தாலும் சரி, டீக்கடையாக இருந்தாலும் சரி, வீட்டு வேலையாக இருந்தாலும் சரி. உண்மையில் உலகத்தில் வேலைக்குப் போகும் குழந்தைகளில் அதிகம் பேர் இருப்பதே விவசாயத்திலும் கால்நடையிலும்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025-இல் வெளியிட்ட கணக்குப்படி 13.8 கோடிக் குழந்தைகள் வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் 61 சதவீதம் பேர் விவசாயம் சார்ந்த வேலையில். வயலில் கிடக்கும் பிள்ளை ரோட்டில் போகிறவர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குடும்பத்துக்கு உதவியாகச் செய்யலாம் என்று சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. நாளைக்கு விசாரணை வந்தால் கீதாரியோ தரகரோ “எங்க சொந்தக்காரப் பையன்தான் சார்” என்று சொல்லப் பார்ப்பார்கள், அதனால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், இவ்வளவு பேர்தான். அவர்களுக்கு உதவுவதும் பள்ளி விட்ட பிறகும் லீவு நாளிலும் மட்டும்தான். ஒன்றரை வருடம் பள்ளிக்கூடமே போகாத பையனுக்கு அந்த விலக்கு எங்கிருந்து வரும்?

“அடிக்கவில்லை, அதனால் கொத்தடிமை இல்லை” என்பது அடுத்தது. சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தால்தான் கொத்தடிமை என்று சில அதிகாரிகளே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், உங்களிடமும் அப்படிச் சொல்லக்கூடும். முன்பணம் வாங்கியதும், கணக்கு முடியும்வரை வேறு இடத்துக்குப் போக முடியாததும், கூலி கைக்கு வராததும் போதும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புதான் என்று 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பையனுக்குக் குறைந்தபட்சமும் இல்லை, கூலியே இல்லை. இது கொத்தடிமைக் கடன் என்று நீங்கள் சொல்லிவிட்டால், இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கீதாரியுடையது, உங்களுடையது அல்ல.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அக்காவைக் கோபித்துக்கொள்ளாமல் இதைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு ஆறாம் வகுப்பிலும் காத்துக்கொண்டுதான் இருந்தது, பத்தாம் வகுப்பு வரை முட்டையோடு போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த அரசு விடுதியில் இருந்தால் மூன்று வேளையும் உண்டு. தொழில் கற்றுக்கொள்கிறான் என்பதைப் பொறுத்தவரை, என்னிடம் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். மூன்று வருடம் கிடையில் இருந்தவன். 140 ஆட்டையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்வான், எது எந்த ஆட்டின் குட்டி என்பது முதற்கொண்டு. அவன் பெயரை எழுதச் சொன்னோம், மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டான். நான்காம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய பிள்ளை அவன், அவன் அம்மா சர்டிபிகேட்டை மடித்துக் கொண்டுவந்திருந்தார். ராத்திரி ராத்திரி எழுந்து உட்கார்ந்து எண்ணுவானாம், வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆன பிறகும். அவனுக்குக் கல்வி போனது மட்டும் இல்லை, தூக்கமும் போயிருந்தது. பத்து வயதுப் பிள்ளை தனியாகக் கிடைக் காவலில் படுத்தால் பாம்பு, மழை, இடி, எல்லாவற்றுக்கும் அவனே பொறுப்பு. உங்கள் பையன் கண்ணைப் பார்த்துப் பேசாததை நீங்கள் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூச்சம் இல்லை, தம்பி. செத்த குட்டிக்கெல்லாம் தான்தான் காரணம் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான்.

அக்காவுக்கு என்ன ஆகும்

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பொய் தைரியமும் தர மாட்டேன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனையே கிடையாது, சட்டத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. கொத்தடிமைச் சட்டத்தில் உங்கள் அக்காவும் பையனும் பாதிக்கப்பட்டவர்கள், குற்றவாளிகள் இல்லை. பையனைக் கொத்தடிமையாக வைத்து அவன் சம்பளத்தைப் பிடித்து வைத்தவர்மேல் இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆவது பிரிவும் வரும், அதில் ஐந்து வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும்.

எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்றால், எதிர்த்தரப்பு “அந்தம்மா பிள்ளையை வித்துட்டா” என்று திருப்பிப் பேசலாம். குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டத்தில் தனிக் குற்றம். அதனால் அக்கா வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீல் பக்கத்தில் இருக்கட்டும். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். தொலைபேசி எண் 15100. நடந்ததை நடந்தபடி, எவ்வளவு வாங்கினோம், எதற்கு வாங்கினோம், என்ன சொல்லிக் கூட்டிப்போனார்கள் என்று அக்கா சொன்னால் போதும். அவர் செய்தது தவறு, அதை அவரும் உணர்ந்திருக்கிறார் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கணவன் செத்து அந்த வீடு தத்தளித்தபோது விதவை ஓய்வூதியத்துக்கு எழுதிப்போடக்கூட யாரும் சொல்லித்தரவில்லை, தரகர்தான் முதலில் வந்து சேர்ந்தார். அதற்கும் சேர்த்து அவர் ஒருத்தியே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதில்லை.

ராத்திரியில் போய்த் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

உங்கள் இரண்டாவது யோசனை இது. வேண்டவே வேண்டாம். ஆட்டைத் திருடினான் என்று பையன் மேலேயோ உங்கள் மேலேயோ புகார் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். கைகலப்பாகவும் போகலாம். அதைவிட முக்கியம், அப்படிக் கூட்டி வந்தால், கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாகக் கோட்டாட்சியர் கொடுக்கும் விடுவிப்புச் சான்றிதழைப் பையனுக்கு வாங்குவது சிரமமாகிவிடும். அந்த ஒரு தாளில்தான் எல்லாமே இருக்கிறது: கடன் ரத்து, வழக்கு, மறுவாழ்வுப் பணம் எல்லாம்.

இப்படிச் செய்யுங்கள். கிடை இப்போது எந்த ஊரில், யார் வயலில் இருக்கிறது என்று விசாரித்து லொகேஷன் எடுத்து வையுங்கள். கிடை போட வயல்காரர் கீதாரிக்குப் பணம் கொடுப்பார், அதனால் அவருக்கு ஆள் யார் என்று தெரியும், அவர் பெயரும் மனுவில் வரட்டும். பையன் படம் இருந்தால், பணம் கேட்டுப் பேசிய ஆடியோ இருந்தால், அவற்றை இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டு விவரம் சொல்லுங்கள், காலில் புண் இருப்பதையும் சொல்லுங்கள். கிடையை இன்று ராத்திரியே இடம் மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால் அவசர உதவி எண் 112-க்கும் கூப்பிடுங்கள். கூடவே எழுத்தில் ஒரு மனு: கிடை இருக்கும் பகுதியின் கோட்டாட்சியருக்கு அல்லது சார் ஆட்சியருக்கு, நகல் கலெக்டருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும். “குழந்தைத் தொழிலாளர்” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், “முன்பணம் கொடுத்துக் கொத்தடிமையாக வைக்கப்பட்டுள்ள குழந்தை” என்று எழுதுங்கள். இது வார்த்தை விளையாட்டு இல்லை. முதல் பெயரில் போனால் அபராதத்தோடு முடித்துவிடுவார்கள், இரண்டாவது பெயரில் போனால் கோட்டாட்சியர் விசாரித்தே ஆக வேண்டும்.

நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர்களாக இருந்து, வைத்திருப்பவர் அப்படி இல்லை என்றால், அதையும் மனுவில் சேருங்கள். கொத்தடிமையாக வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவிலும் வருகிறது.

விசாரணை நாளில் ஒரு காட்சி வழக்கமாக நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெரியவர் யாராவது வருவார், “எதுக்குப்பா கேஸ் கீஸுன்னு, பையனைக் கூட்டிட்டுப் போ, கணக்கை விட்டுடச் சொல்றேன்” என்பார். அலுவலகத்திலும் அது சுலபமான வழி என்பதால் தலையாட்டுவார்கள். உங்களுக்கும் அந்த நிமிஷத்தில் அதுவே பெரிய விஷயமாகத் தெரியும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், சான்றிதழ் இல்லாமல் கிளம்பாதீர்கள். பையனைக் கீதாரி கண் முன்னால் வைத்து விசாரிக்கக் கூடாது, தனியாக உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர் எதிரில் நின்றால் “நானாத்தான் வந்தேன்” என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும்.

கீதாரிகள் எல்லோரையும் இதில் சேர்த்துப் பேசவில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து குடும்பத்தோடு கிளம்பி, வெயிலிலும் மழையிலும் கிடையோடு நடந்து வயலுக்கு உரம் சேர்த்துப் பிழைக்கிறவர்கள் அவர்கள், அதில் பலருக்கு ஆடே சொந்தமில்லை. கஷ்ட ஜீவனம்தான். ஆனாலும் அந்தக் கஷ்டத்தைப் பத்து வயதுப் பிள்ளை தோளில் இறக்கி வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

மீட்ட பிறகு

பையனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோவார்கள். சில நாள் இல்லத்தில் வைக்கச் சொல்லலாம். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அக்கா பதறாமல் இருக்க, முன்பே சொல்லி வையுங்கள். அம்மாவும் தாய்மாமனும் நேரில் போய், வீடு இருக்கிறது, பள்ளியில் சேர்க்கப்போகிறோம் என்று சொன்னால் குழுவுக்கும் முடிவு சுலபம். கால் புண்ணை அரசு மருத்துவமனையில் காட்டி, டெட்டனஸ் ஊசி போட்டு, அந்தச் சீட்டையும் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கொடுக்கலாம். கட்டாய உழைப்பிலிருந்து மீட்ட குழந்தைக்கு மொத்தத் தொகை 2 லட்சம், ஆனால் மீதிப் பணம் வழக்கில் தண்டனை கிடைத்த பிறகுதான் வரும். அதனால்தான் சமரசம் வேண்டாம் என்று இவ்வளவு சொல்கிறேன். வழக்கு இழுக்கும், சாட்சி சொல்ல நீங்கள் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வர வேண்டியிருக்கும், அதையும் மறைக்க மாட்டேன். அக்கா விதவை என்பதால், குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 நிதி ஆதரவுக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலேயே விண்ணப்பிக்கலாம். விதவை ஓய்வூதியத்துக்கும் அதே வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம் சேர்ப்பார்களா என்றால், சேர்க்காமல் இருக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் அவனுக்கு எதுவும் ஏறாது, சின்னப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், ஒரு வாரம் போய்விட்டு வர மாட்டேன் என்பான். தலைமை ஆசிரியரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். நான் சொன்ன பையனுக்கு ஒரு டீச்சர் ஆட்டுக் கணக்கை வைத்தே பெருக்கல் சொல்லிக்கொடுத்தார், அதில் அவன்தான் வகுப்பில் முதல். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மேல்படிப்பின்போது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அவன் ஆறாம் வகுப்பே இன்னும் தொடங்கவில்லை, எனவே இந்த வருடத்தை விட்டுவிடாதீர்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், அக்காவின் இரண்டாவது பிள்ளையைப் பற்றியும் தரகர் விசாரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை. இதை மனுவில் எழுத மறந்துவிடாதீர்கள், தரகரின் பெயரோடு.

மழை தொடங்கினால் கிடையைக் கிளப்பிவிடுவார்கள், அப்புறம் எந்த மாவட்டத்தில் தேடுவது என்று தெரியாது. 1098-க்கு இன்றைக்கே பேசுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கும். கம்பெனியில் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏறி அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனு கொடுத்ததும் அதற்கு ஒரு ரசீது தருவார்கள், அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.